எல்லாப் பாடத்துக்கும் ஒரே உழைப்பு; கணிதம் மட்டும் ஏன் காலை வாருகிறது?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருக்கும் முதலாண்டு மாணவர். ஆறு பாடங்களையும் ஆறு நாட்களுக்குப் பங்கு போட்டு, ஹாஸ்டலில் தினமும் இரவு இரண்டு மணி நேரம் தவறாமல் படிக்கிறார். முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு வேதியியல் 78, இயற்பியல் 51, பைதான் நிரலாக்கம் 33, கணிதம் 24. “எல்லாவற்றுக்கும் ஒரே உழைப்புதான் போடுகிறேன் சார், எனக்குக் கணக்கு வராதோ? நல்ல டைம்டேபிள் ஒன்று போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டது டைம்டேபிள். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். அதே ஆள், அதே இரண்டு மணி நேரம். ஒன்றில் 78, இன்னொன்றில் 24 என்றால் கோளாறு தலையிலா, முறையிலா? முறையில்தான் என்று என்னால் ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும். நான் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு இயற்பியல் எடுத்தவன், ஆண்டுக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவன். பைதானும் ஆங்கிலமும் என் பாடங்கள் அல்ல. அவற்றைப் பற்றிச் சொல்வது சக ஆசிரியர்களோடு ஸ்டாஃப் ரூமில் பேசியும், மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தும் தெரிந்துகொண்டது. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 78ஐப் பார்ப்போம். வேதியியலின் முதல் யூனிட் தண்ணீர். கடினநீர், பாய்லருக்குள் படியும் செதில், கடினத்தன்மையை நீக்கும் சியோலைட், அயனிப் பரிமாற்ற முறைகள், ஆர்.ஓ. ஊரில் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதை. இரண்டு முறை வாசித்தால் மீதி ஒட்டிக்கொள்ளும், மறுநாள் எழுதிவிடலாம். அதாவது, நீங்கள் பழகியிருக்கும் முறைக்கு இந்த யூனிட் மதிப்பெண் கொடுக்கிறது. இரண்டாம் இன்டர்னலிலும் அப்படியே கொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஃபேஸ் ரூல் (திட, திரவ, வாயு நிலைகளின் சமநிலை பற்றிய விதி) வந்தால் படத்தை நீங்களே வரைய வேண்டும், வாசித்தது கைகொடுக்காது. தண்ணீர் யூனிட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்: புத்தகத்தை மூடிவிட்டு, சியோலைட் முறையையும் அயனிப் பரிமாற்ற முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எதை உப்புக்கரைசலால் மீட்கிறோம், எதை அமிலமும் காரமும் விட்டு மீட்கிறோம், எதில் வெளிவரும் நீரில் சோடியம் உப்புகள் தங்கிவிடும்? இங்கே பேனா நின்றால், அந்த 78இல் கொஞ்சம் காற்றும் அடைத்திருக்கிறது.

கணிதத்துக்கு வருகிறேன். மேட்ரிக்ஸ் (அணிகள்) யூனிட்டில் மாணவர்கள் செய்வதை ஒரு கணக்கைக் கொண்டே காட்டுகிறேன். மூன்றுக்கு மூன்று அணி; மூலைவிட்டத்தில் எல்லாம் 2, மற்ற இடங்களில் எல்லாம் 1. ஐகன் வெக்டரும் (அணியால் பெருக்கினாலும் அதே கோட்டிலேயே நிற்கும் வெக்டர்) ஐகன் வேல்யூவும் (அப்போது அது எத்தனை மடங்காகிறது என்ற எண்) கேட்கிறார்கள். அதற்கான சமன்பாட்டின் கெழுக்கள் எஸ்1, எஸ்2, எஸ்3 எடுக்கும் முறை எல்லாருக்கும் மனப்பாடம்: 6, 9, 4. சமன்பாட்டைத் தீர்த்தால் லாம்டா, அதாவது ஐகன் வேல்யூ, 4, 1, 1. இதுவரை தாள்கள் அழகாக இருக்கும். 4க்கான வெக்டரைக் குறுக்குப் பெருக்கலில் போட்டு (1, 1, 1) என்று எடுத்துவிடுவார்கள். அடுத்து 1ஐப் பிரதியிட்டதும் மூன்று வரியும் ஒரே வரியாகிவிடும்: எக்ஸ் + ஒய் + இசட் = 0. இரண்டு ஒரே வரிகளைக் குறுக்குப் பெருக்கினால் 0, 0, 0 வருகிறது. அங்கே பேனா நின்றுவிடும். சிலர் பூஜ்ய வெக்டரையே விடையாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல. அந்தக் கணக்கின் தீர்வை நோட்டில் நான்கு முறை படித்தவர்கள்தான். படிக்கும்போது “ஓகோ, இங்கே எக்ஸ் 0 என்று வைத்துக்கொள்கிறார்கள்” என்று கண் கடந்துபோயிருக்கும். ஏன் அப்படி வைக்கலாம் என்று கை நின்று யோசித்திருக்காது. ஒரே ஒரு நிபந்தனை, மூன்று மாறிகள், ஆகவே இரண்டை நம் விருப்பப்படி எடுக்கலாம். (1, −1, 0) ஒன்று. இருபடி வடிவத்தை ஆர்த்தோகனல் முறையில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான வெக்டர்களைக் கொண்டு) சுருக்கச் சொன்னால் இரண்டாவது இதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஆகவே (1, 1, −2). இதை ஒருமுறை தானாகக் கண்டுபிடித்தவர் பிறகு திணறுவதில்லை. பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதை எத்தனை நாள் நின்று பார்த்தாலும் நமக்கு வீச வராது. கரும்பலகையில் ஓடும் கணக்கும் அப்படித்தான்.

எனவே கணிதத்தில் வாசிப்பதைப் படிப்பு என்று கணக்கில் வைக்காதீர்கள். வகுப்பில் போட்ட கணக்கின் கேள்வியை மட்டும் வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு, நோட்டை மூடிவிட்டுப் போடுங்கள். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடமாவது முட்டி மோதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, மாட்டிய ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். எந்த வரியில் நின்றீர்கள் என்பதை ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் அந்தச் சிவப்புக் குறிகளைப் புரட்டினாலே போதும், கைடு வேண்டியதில்லை. விடை சரியா என்று பார்க்கும் பழக்கமும் கூடவே வர வேண்டும்: ஐகன் வேல்யூக்களைக் கூட்டினால் மூலைவிட்டக் கூட்டல் வர வேண்டும் (4+1+1 = 6), பெருக்கினால் டிட்டர்மினன்ட் (அணிக்கோவை) வர வேண்டும் (4). ஐந்து விநாடி வேலை. 13 மதிப்பெண் கணக்கை முதல் வரியிலேயே காப்பாற்றிவிடும்.

அடுத்தது உங்கள் சுழற்சி. ஆறு நாளுக்கு ஒரு முறை கணிதம் என்றால், ஒவ்வொரு முறையும் ஆறிப்போன இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். முதல் அரை மணி நேரம் போன வாரம் விட்டதைத் தேடுவதிலேயே போய்விடும். அதற்குள் வகுப்பு ஐந்தாறு பாடவேளை முன்னே ஓடியிருக்கும். எல்லாப் பாடத்துக்கும் சமமாகக் கொடுத்தது நியாயம்போலத் தெரிகிறது, ஆனால் பாடங்கள் சமம் அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் முதல் பருவக் கணிதம் 4 கிரெடிட், இயற்பியல், வேதியியல், பைதான், ஆங்கிலம் ஆளுக்கு 3, தமிழர் மரபு 1. கிரெடிட்டை விடுங்கள், கை பழக வேண்டிய பாடத்துக்குத் தினமும் கொஞ்சம் வேண்டும், தகவல் சேர வேண்டிய பாடத்துக்கு வாரம் இரண்டு முறை போதும். இரண்டு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடம் எல்லா நாளும் கணிதத்துக்கு. அடுத்த இருபது நிமிடம் பைதானுக்கு. மிச்சம் ஒரு மணி நேரத்தை மற்ற நான்கு பாடங்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். நீங்கள் கேட்ட டைம்டேபிள் இவ்வளவுதான்.

பைதானில் 33 வாங்கியவர்கள் பெரும்பாலும் நிரலை வாசித்துப் படித்தவர்கள் என்று அந்தப் பாடம் எடுக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். நிரல் ஆங்கில வாக்கியம்போல இருப்பதால் வாசித்தால் புரிந்ததாகவே தோன்றும். ஃபேக்டோரியல் நிரலில் தொடக்க மதிப்பை 1க்குப் பதில் 0 என்று வைத்தால் என்ன வரும்? எந்த எண்ணுக்கும் 0தான் வரும். ரேஞ்ச்(1, 5) என்றால் 5 வராது, 4இல் நின்றுவிடும். ஒரு லிஸ்ட்டை வேறு பெயருக்கு ஒப்படைத்துவிட்டு, அந்தப் புதுப் பெயரில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் பழைய பெயரிலும் அது சேர்ந்திருக்கும். இரண்டு பெயரும் ஒரே லிஸ்ட்டைத்தான் காட்டுகின்றன. இதெல்லாம் ஓட்டிப் பார்த்து, பிழைச் செய்தியைப் பார்த்து, எரிச்சல்பட்டுத்தான் உறைக்கும். லேப்டாப் இல்லையென்றால் கவலை வேண்டாம், பைட்ராய்டு 3 போன்ற செயலியில் ஆண்ட்ராய்டு போனிலேயே ஓட்டலாம். ஆனால் தியரித் தேர்வு தாளில்தான். ஆகவே ஓட்டுவதற்கு முன், லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்னவாகிறது என்று தாளில் கட்டம் போட்டு எழுதிவிட்டு, பிறகு ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம்தான் அன்றைய பாடம்.

இயற்பியல் என் சொந்த வயல், ஆனால் நீங்கள் கேட்காததால் சுருக்கிக்கொள்கிறேன். 51 என்றால் டெரிவேஷனை வரிவரியாக மனப்பாடம் செய்கிறீர்கள் என்பது என் ஊகம். அப்படிப் படித்தவர்களின் தாளில் கைடில் உள்ள அச்சுப் பிழைகூட அப்படியே இருக்கும்; திருத்துகிறவருக்கு எந்தக் கைடு என்றே தெரிந்துவிடும். இருபது வரியில் திருப்பங்கள் நான்கைந்துதான் இருக்கும், அவற்றைப் பிடியுங்கள். பெட்டிக்குள் அடைபட்ட துகளை எடுத்துக்கொண்டால்: உள்ளே நிலை ஆற்றல் பூஜ்யம், ஆகவே அலைச்சார்பு (துகள் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் சார்பு) சைனும் கொசைனும், இடது சுவர் கொசைனைத் தூக்கிவிடுகிறது, வலது சுவர் முழு எண்களை மட்டும் அனுமதிக்கிறது, அந்த முழு எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறுகிறது, கடைசியில் நார்மலைசேஷன் (துகள் பெட்டிக்குள் இருக்கும் மொத்த நிகழ்தகவை 1 ஆக்குவது). இந்த ஐந்தையும் நடந்துகொண்டே வாயால் சொல்ல முடிந்தால் நடுவில் உள்ள இயற்கணிதம் தானாக வரும். அந்த முழு எண் ஏன் பூஜ்யமாக இருக்கக்கூடாது என்று ஒரு இரண்டு மார்க் கேள்வி வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்: அப்படி வைத்தால் அலைச்சார்பு எங்குமே பூஜ்யம், பெட்டிக்குள் துகளே இல்லை என்றாகிவிடும்.

“மூடிவை, எழுதிப் பார்” என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது வாத்தியார் பல்லவி மட்டுமல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, ஒரு சாராரை மீண்டும் வாசிக்கவும் மற்றவர்களை நினைவிலிருந்து எழுதவும் வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இரவு படித்து முடித்ததும் எல்லாம் தெரிவதுபோல இருப்பதும், ஹாலில் மறந்துபோவதும் இதனால்தான். 2007இல் ரோரரும் டெய்லரும் கணிதக் கணக்குகளிலேயே இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள், வகைகளைக் கலந்து போட்டவர்கள் பயிற்சியில் திணறினாலும் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வெகுதூரம் முன்னே போனார்கள். தேர்வில் “இது இந்த வகைக் கணக்கு” என்று யாரும் தலைப்பு போட்டுத் தருவதில்லை அல்லவா? ஆகவே நாற்பது நிமிடத்தில் கடைசிக் கணக்கு எப்போதும் பழைய யூனிட்டிலிருந்து இருக்கட்டும். நினைவிலிருந்து எழுதுவது, நாள் விட்டுத் திரும்புவது, இந்த இரண்டையும் நான் உறுதியானவை என்ற பக்கத்தில் தயங்காமல் வைப்பேன். வரிக்கு வரி ஹைலைட்டர் அடிப்பது பெரிய பலன் தராது என்பதையும் அதே பக்கத்தில்.

மற்ற பல அறிவுரைகள் அவ்வளவு திடமானவை அல்ல. “நான் பார்த்துப் படிப்பவன், அவன் கேட்டுப் படிப்பவன்” என்று பிரிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் அலசி எழுதினார்கள். மோட்டிவேஷன் வகுப்புகளில் இன்னும் அதைத்தான் விற்கிறார்கள். கையால் குறிப்பெடுப்பது லேப்டாப்பில் தட்டுவதைவிட மேல் என்று 2014இல் வந்த ஆய்வு பிரபலமானது. பிறகு திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் மண்டையில் ஏறும் என்பதும் எனக்குச் சந்தேகம்தான். அந்த நேரத்தில் ஹாஸ்டல் அமைதியாக இருக்கிறது, அவ்வளவே. இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து, குறுகிய காலத்துக்கு நடத்தப்பட்டவை. ஆறு பாடம், ரெக்கார்டு நோட்டு, இரண்டாம் மொழியில் தேர்வு என்ற உங்கள் வாழ்க்கைக்கு அவை எந்த அளவில் பொருந்தும் என்பதை நீங்கள்தான் இரண்டு மூன்று வாரம் செய்து பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தமிழ் வழியிலிருந்து வந்ததைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. மதிப்பெண் 24 ஆகக் குறைந்ததில் ஒரு பங்கு கணிதத்தால் இல்லாமல் கேள்வியின் ஆங்கிலத்தால் இருக்கலாம். தமிழில் புரிந்துகொள்வதை விட்டுவிடாதீர்கள். மனதில் தமிழிலேயே யோசியுங்கள், விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள் ஐந்தை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கட்டளைச் சொற்களை மட்டும் ஒரு பக்கத்தில் தொகுங்கள். டிரைவ், டிஃபைன், வெரிஃபை, டிஸ்கஸ், டிஸ்டிங்குவிஷ் என்று ஒரு இருபது தேறும், ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆங்கிலப் பாடத்துக்குத் தினமும் அரைப் பக்கம் சொந்தமாக எழுதி, யாரிடமாவது திருத்தி வாங்குங்கள்; கட்டுரையை மனப்பாடம் செய்து ஆங்கிலம் வந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. தமிழர் மரபுக்குத் தேர்வுக்கு முன் சில மாலைகள் ஒதுக்கினால் சமாளிக்கலாம்.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் முக்கிய வினாக்களை வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் “ஒரு யூனிட்டைச் சாய்ஸில் விட்டுவிடலாம்” என்று சீனியர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள். வழக்கமான வினாத்தாளில் பகுதி ஏ பத்து இரண்டு மார்க், பகுதி பி ஐந்து 13 மார்க், பகுதி சி ஒரு 15 மார்க். பகுதி பியில் இது அல்லது அது என்ற தேர்வு அதே யூனிட்டுக்குள்தான் கிடைக்கும். ஒரு யூனிட்டை விட்டால் 13ம் இரண்டு சின்னக் கேள்விகளும் சேர்த்து 17 போச்சு, பகுதி சி அந்த யூனிட்டிலிருந்து வந்துவிட்டால் இன்னும் மோசம். யூனிட்டுக்குள் சில தலைப்புகளை விடுவது வேறு விஷயம், அதைச் செய்யலாம்.

சாட்ஜிபிடி பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் எல்லார் கையிலும் இருக்கிறது. அசைன்மென்ட்டை அதில் எழுதி வாங்கினால் அன்றைய வேலை முடியும், தேர்வில் கை அதே இடத்தில் நிற்கும். நீங்கள் முயன்று நின்றுபோன வரியைக் கொடுத்து “அடுத்த வரிக்கு ஒரு குறிப்பு மட்டும்” என்று கேட்டால் உபயோகமானதுதான். கூட்டல் கழித்தலில் அது தப்பும் விடும், மேலே சொன்ன சரிபார்ப்பை அதன் விடைக்கும் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் கலை, வணிகவியல் மாணவர்களுக்கு என்னால் அதிகம் சொல்ல முடியாது, நான் அந்த வகுப்புகளில் நின்றதில்லை. அக்கவுன்டன்சி கணிதத்தின் பக்கம் சாயும் என்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. ட்ரையல் பேலன்ஸ் (பற்றுக் கூட்டலும் வரவுக் கூட்டலும் பொருந்துகிறதா என்று பார்க்கும் பட்டியல்) டேலி ஆகாமல் தவித்த மாலைதான் அதில் பாடம். வரலாறும் இலக்கியமும் எப்படி என்பதை அந்தத் துறையினர் எழுதினால் நானும் படிப்பேன்.

“எனக்குக் கணக்கு வராதோ” என்ற கேள்விக்கு: ஒரு இன்டர்னல் மதிப்பெண்ணை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் மாற்றிப் படித்து ஒரு மாதமான பிறகும் எண்கள் கண்ணுக்கு முன் இடம் மாறுகின்றன, அல்லது தூக்கமும் சாப்பாடும் கெட்டு எதிலும் மனம் போகவில்லை என்றால், அது படிப்பு முறை சார்ந்தது இல்லை. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டியது, என்னைப் போன்றவர்களை அல்ல. மற்றபடி இறுதி மதிப்பெண் நூற்றில் இன்டர்னலுக்கு மொத்தமே 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்த 40இலும் இன்னொரு தேர்வு பாக்கி இருக்கிறது. ஒருவேளை அரியர் விழுந்தாலும் இரண்டாம் பருவ வகுப்புக்குப் போவதை அது தடுக்காது, அடுத்த தேர்வோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம். நாளைக்குக் கணித ஆசிரியரிடம் போகும்போது “சார் புரியல” என்று போகாதீர்கள். நீங்கள் போட்டு, நின்றுபோன தாளைக் கையில் கொண்டுபோய், நின்ற வரியைக் காட்டுங்கள். வெறுங்கையோடு வருகிறவரை “அப்புறம் வா” என்று அனுப்புகிற ஆசிரியர்கூட, தாளைப் பார்த்தால் பேனாவை எடுத்துவிடுவார்.